ஊறப்போட்ட பரிவட்டம்

கோவில்பத்துப் பங்கஜவல்லி கல்யாணமான நாளிலிருந்து துடைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் கணவர் சுவாமிநாதனைக் கேட்டுப் பாருங்கள், “அப்படியா?” என்பார். வீட்டில் தூசி தானாகவே போய்விடுகிறது என்று முப்பது வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிற நல்ல மனிதர் அவர். பகலில் பால்வாடிப் பிள்ளைகளின் மூக்கையும் வாயையும் துடைப்பது பங்கஜவல்லியின் உத்தியோகம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அடுப்பு மேடை, சாப்பாட்டு மேசை, ஜன்னல் கம்பி எல்லாம் துடைப்பாள். அதற்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது.

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து மகன் ஹரிஹரனும் மருமகள் வினோதாவும் கைக்குழந்தையோடு வந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. வினோதா ஒரு பை நிறைய வைப்ஸ், அதாவது துடைத்ததும் எறிகிற ஈரத்துண்டுகள், கொண்டுவந்திருந்தாள். குழந்தை கக்கினால் ஒன்று, செல்போனில் கைரேகை விழுந்தால் ஒன்று. உருவுவாள், துடைப்பாள், கழிவறைக்குள் எறிவாள். நாலாம் நாள் கழிவறை அடைத்துக்கொண்டது. அடைப்பு எடுக்க வந்தவர் உள்ளே கையை விட்டு இழுத்தார், இழுத்தார், தேர் வடம் மாதிரி வந்துகொண்டே இருந்தது.

“இத்தன நாள் கெடந்தும் மக்கலையே, என்ன துணிம்மா இது?” என்றாள் பங்கஜவல்லி.

“துணி இல்ல அத்தை, பிளாஸ்டிக் கலந்தது.”

“அட பாவி மவளே! அதப்போயி பச்சப்புள்ள வாயில தொடைக்கிற?”

மகன் குடும்பம் ஊருக்குப் போன கையோடு பங்கஜவல்லி வேலையில் இறங்கினாள். பழைய பருத்தி வேட்டி, புடவை எல்லாவற்றையும் கையகலச் சதுரமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தாள். பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, வடிகட்டி ஆறவைத்தாள். எலுமிச்சைத் தோல் ஊறிய வினிகரை அதில் கொஞ்சம் விட்டு, துணிகளை நனைத்துப் பிழிந்து, மூடி போட்ட டப்பாவில் அடுக்கினாள். துடைத்ததும் அலசி, வெந்நீரில் போட்டெடுத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி நனைத்துக்கொள்ள வேண்டியதுதான். எறிகிற பேச்சே இல்லை.

நல்ல காரியம், யார் இல்லையென்றது? ஆனால் பங்கஜவல்லிக்கு எதையும் அளவோடு செய்து பழக்கமில்லை. நைலான் தண்ணீர் குடிக்காது, புதுத்துணி வழுக்கும், நாள்பட வெளுத்த பருத்திதான் வேண்டும் என்று தெருவெல்லாம் பிரசங்கம். அவள் தலை தெரிந்தால் கொடியில் காய்கிற துணியை அவசரமாக உள்ளே எடுத்தார்கள். பக்கத்து வீட்டு அஸ்ஃபியா மட்டும் ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தன் வீட்டுத் துணியெல்லாம் தீர்ந்ததும் பங்கஜவல்லியின் கண் பீரோவின் மேல்தட்டுக்குப் போனது. அது சுவாமிநாதனின் ராஜ்யம். அங்கே பழைய வேட்டிகளுக்கு அடியில் ஒரு நீளத்துணி கிடைத்தது. கரையில்லை, அங்கங்கே மஞ்சள் கறை, தொட்டால் பூ.

“அடி என் ராசாத்தி, இத்தன நாளா எங்கடி இருந்த?” என்று கொஞ்சிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

அந்த ராசாத்தி யார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நெரவிப் பக்கம் சுவாமிநாதனின் குடும்பத்துக்கு ஓர் அம்மன் கோவில். சித்திரைத் திருவிழாவில் முதல் மரியாதை அவருக்குத்தான். தாத்தா காலத்துப் பரிவட்டம் ஒன்றை அவரே தாம்பாளத்தில் கொண்டுபோவார், பூசாரி அதை அவர் தலையில் கட்டுவார். சித்தப்பா மகன் கலைவாணன், “நானும் அதே தாத்தாவுக்குப் பேரன்தானே?” என்று வருஷா வருஷம் மல்லுக்கு நிற்பான். துணி யார் கையில் இருக்கிறதோ அவருக்கே மரியாதை என்று ஊர்ப் பெரியவர் கருப்பையன் தீர்ப்புச் சொல்லியிருந்தார். இதில் இன்னொரு கட்டுப்பாடு உண்டு: அந்தத் துணியில் பெண்கள் கை படக்கூடாது. ஆகவே சுவாமிநாதன் வாழ்நாளில் துவைத்த ஒரே துணி அதுதான். முப்பது வருஷமாக அதைத் தூரத்தில், அவர் தலையில், முறுக்கிக் கட்டியபடி மட்டுமே பார்த்தவள் பங்கஜவல்லி. விரித்துப் பார்த்தால் அடையாளம் தெரியுமா? உங்களுக்கோ எனக்கோ தெரியுமா?

திருவிழா அன்று காலையில் குளித்துவிட்டு வந்து பீரோவைத் திறந்த சுவாமிநாதன் அலறினார்.

“பங்கஜம்! இங்கன இருந்த பரிவட்டம் எங்க? தொட்டியா?”

அவள் கரண்டியோடு ஓடிவந்தாள். “மஞ்சக்கறையா ஒண்ணு இருந்துச்சே, அதாங்க?”

“தொட்டியான்னு கேக்குறேன்!”

“தொடாம எப்புடிங்க வெட்டுறது?”

மனிதர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். போச்சு, கலைவாணன் முகத்தில் முழிக்க முடியாது, பரம்பரை மானம் போச்சு என்று புலம்பினார். பங்கஜவல்லிக்கோ வேறு பயம். பரிவட்டத்தை வெட்டியவள் என்ற பேர் அவள் செத்தாலும் போகாது. மகனையும் பேரனையும்கூட அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அழுதுகொண்டே துண்டுகளைத் தேடினாள். டப்பாவில் பாதி, கொடியில் கொஞ்சம், ஒன்று அடுப்பு மேடையில் பால் பொங்கியதைத் துடைத்தபடி கிடந்தது.

அஸ்ஃபியா வீட்டில் ஒன்று ஜன்னலில் தொங்கியது. “என்னக்கா, குடுத்தத திருப்பிக் கேக்குறீங்க? சும்மா சொல்லக்கூடாது, கண்ணாடி எப்புடி மின்னுது பாருங்க. இன்னும் ரெண்டு தாங்களேன்” என்றாள். பங்கஜவல்லிக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கடைசித் துண்டு சுவாமிநாதனின் பைக் சீட்டுக்கு அடியில் இருந்தது. சேறும் கிரீஸுமாக. இரண்டு வாரமாக அதில்தான் வண்டியைத் துடைத்து, ‘இந்த மாதிரித் துணி நான் பாத்ததே இல்ல பங்கஜம்’ என்று பாராட்டிக்கொண்டிருந்தார். அதை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கப்புறம் அவளைத் திட்டவுமில்லை. எல்லாவற்றையும் அவள் வெந்நீரில் அலசி, இஸ்திரி போட்டுத் தாம்பாளத்தில் அடுக்கினாள். பைக் துண்டின் கறை மட்டும் போகவில்லை.

கோவிலில் கூட்டம் நெரிந்தது. பங்காளிகள் எல்லாரும் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள். பெண்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம். தாம்பாளத்தின் மேல் மூடியிருந்த வாழையிலையைப் பூசாரி எடுத்தார். உள்ளே சதுரம் சதுரமாகத் துணி.

“என்ன அண்ணே, பரிவட்டம் எங்க?” கலைவாணனின் குரலில் சர்க்கரைப் பொங்கல் வழிந்தது.

பங்கஜவல்லி அம்மனைப் பார்த்துக் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். தாயே, இந்த மனுஷன் என் பேரைச் சொல்லிவிடாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

“எத்தன காலத்துக்குத்தான் ஒரு தலைக்கே கட்டுறது?” என்றார் சுவாமிநாதன். “தாத்தா எல்லாருக்கும்தான தாத்தா? அதான் ஆளுக்கொரு பங்கா வெட்டச் சொன்னேன்.”

கலைவாணன் ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு தேம்பினான். பூசாரி ஆளுக்கொரு துண்டை எடுத்து, தலையில் கட்டக் கோவிலில் வைத்திருந்த புதுத்துண்டின் மடிப்பில் வைத்து நீட்டினார். எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். “எலுமிச்சம்பழ வாசன வருதே!” என்று ஒருவர் சிலிர்த்தார். “ஆத்தா வாசன” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் இன்னொருவர். பைக் துண்டு கலைவாணனுக்குப் போனது. அந்தக் கறையைத் தாத்தாவின் வியர்வை என்று தடவித் தடவிப் பார்த்தான்.

பங்கஜவல்லிக்கு உயிர் வந்தது. தப்பித்தோம்டா சாமி என்று மூச்சு விட்டாள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கருப்பையன் தொண்டையைச் செருமினார்.

“இத்தன வருஷம் ஒரு பொம்பள கை படாம காப்பாத்துன துணி. சுவாமிநாதனோட பெருந்தன்மைக்கு இந்த ஊரே கடமைப்பட்டிருக்கு!”

சுவாமிநாதன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். பங்கஜவல்லி அந்தத் தலையைப் பார்த்தாள். அலசிச் சிவந்த தன் கையைப் பார்த்தாள். காலையிலிருந்து நெஞ்சை அடைத்த பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. கோபம்தான் வந்தது, அப்படியொரு கோபம். கயிற்றைத் தூக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

“மாமா! அத வெட்டுனது நான். ஓரம் தைச்சது நான். பூந்திக்கொட்டத் தண்ணியில ஊறப்போட்டு, அதுல அடுப்பத் தொடச்சதும் நான்தான். பைக்கத் தொடச்சது மட்டும் இவரு!”

எல்லார் காதிலும் விழுந்தது. விழவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒற்றிக்கொண்ட கண்கள் எல்லாம் கருப்பையனைப் பார்த்தன. அவரும் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்தானே? அவள் தலைக்கு மேலாகப் பார்த்து, கையை உயர்த்தினார்.

“மேளத்த அடிங்கப்பா! நல்ல நேரம் போவுது!”

தவில் வெடித்தது, நாகஸ்வரம் பிடித்துக்கொண்டது. பங்கஜவல்லியின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது, அவளுக்கே கேட்கவில்லை. கலைவாணன் மட்டும் தன் துண்டை மெல்ல மூக்கருகே கொண்டுபோனான். கிரீஸ். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அக்கம்பக்கம் யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்தான். பிறகு பூசாரியிடம் தலையை நீட்டி, இறுக்கிக் கட்டச் சொன்னான்.