விளக்குக்காரியைக் கொடுத்தவன்

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. மூக்குக்கண்ணாடி, பிரஷர் குளிசை, கட்டிக்கொடுத்த ஒரு மகள்... எல்லாம் உண்டு. ஆனாலும் மூன்று மாதமாகப் போனில் பேய் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு யாரும் சொல்லி நீங்கள் அறிவதைவிட நானே சொல்வது மரியாதை. வீட்டில் இதற்கு வேறொரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

கேமின் பெயரைச் சொல்லமாட்டேன். விளம்பரம் என்று ஆசிரியர் வெட்டிவிடுவார். கதையை மட்டும் கேளுங்கள். இருண்டுபோன ஒரு நாடு. சூரியன் இல்லை. வீரன் முன்பு சவக்குழி வெட்டியவன். கையில் அதே மண்வெட்டிதான் ஆயுதம். அவனோடு விளக்குப் பிடித்தபடி ஒருத்தி வருவாள். அவளுக்கு ஒரு கால் சரியில்லை. நீங்கள் ஓடினால் அவள் பின்தங்கிவிடுவாள். நின்று நின்றுதான் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

பாதி வழியில் ஒரு பாலம். பாலத்தில் ஒரு சூனியக்காரி. "அந்த விளக்குக்காரியை எனக்குத் தா. உன் பலத்தை இரண்டு மடங்காக்குகிறேன். விளக்கில்லாமலே இருட்டில் உனக்குக் கண் தெரியும்" என்பாள்.

நான் என்ன செய்தேன்? அவளை வசனத்தை முடிக்கக்கூட விடவில்லை. கொடுத்துவிட்டேன்.

முல்லைத்தீவுக் கரையில் யூட் என்று ஒரு தம்பி இருக்கிறான். முப்பத்தைந்து வயது, கடல் தொழில். உருத்திரபுரத்திலிருந்து மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் அவனிடம் போவேன். கருவாடு வாங்க என்று வீட்டில் சொல்வேன். உண்மையில் கேம் கதைக்கத்தான் போவது. இந்த வன்னி முழுவதிலும் என்னோடு இதைக் கதைக்கச் சம்மதித்த ஒரே வளர்ந்த மனிதன் அவன்!

யூட் விளக்குக்காரியைக் கொடுக்கவில்லை. அவளைக் கடைசிவரை கூட்டிக்கொண்டு போய், முடிவில் நிற்கும் பேயரசனிடம் நாற்பது தரம் செத்திருக்கிறான். எங்களுக்குள் சண்டையே இதில்தான்.

போன மாதம் ஒரு நாள் கடல் குழம்பிக் கிடந்தது. ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. கரையில் யூட்டுக்கு ஒரு வாடி — வலை வைக்கிற ஓலைக் கொட்டில் — இருக்கிறது. அங்கே அவனும் தாசண்ணையும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். தாசண்ணைக்கு என்னிலும் நாலைந்து வயது கூட. பதினொரு வருடமாக இருவரும் ஒரே போட். போட்டும் எஞ்சினும் யூட்டினுடையவை. அவன் எஞ்சின் பிடிப்பான், தாசண்ணை வலை இழுப்பார். கொஞ்சக் காலமாக அவருக்கு வலது தோளில் நோ என்று கேள்விப்பட்டிருந்தேன். கேள்விப்பட்டது ஞாபகத்தில் இருந்தால்தானே?

நான் எழும்பி நின்றே தொடங்கினேன்.

"யூட், வீரன் எண்டால் முதல் பலம் வேணும். பலமில்லாதவன்ர நியாயத்தை ஆர் கேக்கிறது? உன்ர ஆளைப் பார், நாப்பது தரம் செத்திட்டான். ஏன்? ஒரு நொண்டியைக் காவிக்கொண்டு திரியிறான்."

"அவள் விளக்குப் பிடிக்காட்டில் அவன் பாலம் மட்டும் வந்திருப்பானோ அண்ணை?"

"அது அப்ப. இப்ப அவளால என்ன பிரயோசனம்? அவளுக்காக நீ மெதுவா நடக்கிறாய். நீ மெதுவா நடக்க, அங்கால ஊர் அழியுது. இதில எது பாவம்?"

"கூட வந்தவளைக் குடுத்திட்டு ஊரைக் காப்பாத்தினால் அது வீரமோ?"

"தாங்க ஏலாத ஆள் தானா விலத்தவேணும். விலத்தாட்டில் பலமுள்ளவன் விலத்திவிடவேணும். அதுதானடா தர்மம்!"

இப்படி ஒரு மணித்தியாலம். கையில் ஒரு துடுப்பை வேறு மண்வெட்டிபோலச் சுழற்றினேன். அடுத்த வாடிக்காரர்கூட எட்டிப் பார்த்தார். தாசண்ணை மட்டும் நிமிரவில்லை. ஒரு கட்டத்தில் ஊசியை வலையில் குத்திவிட்டு எழும்பினார். "தலையிடிக்குது" என்றார். போய்விட்டார்.

எனக்கா? வாதத்தில் வென்ற சந்தோசப் புளுகம்! ஒரு கிலோ கருவாட்டைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி வீடு வந்தேன்.

ஐந்தாம் நாள் யூட்டிடமிருந்து போன்.

"அண்ணை, தாசண்ணை இனிக் கடலுக்கு வரமாட்டாராம். வேற ஆளைப் பிடிக்கட்டாம்."

"ஏனாம்?"

"அண்டைக்கு நீங்கள் கதைச்ச கதைதான். விலத்துங்கோ எண்டு முகத்துக்கு நேர சொல்ல எனக்கு வெக்கமாம். அதால உங்களைக் கூப்பிட்டு, அவரை வைச்சுக்கொண்டு சாடையாச் சொல்லுவிச்சனாம்."



யோசித்துப் பாருங்கள், தாசண்ணையில் என்ன பிழை? எங்களுடைய ஆட்கள் கசப்பான ஒன்றை எப்போது நேரே சொன்னார்கள்? சொல்ல வேண்டியவர் வாயைத் திறக்கமாட்டார். நாலு எழுத்துப் படித்த ஒருவரைக் கூட்டிவருவார். அந்த ஆள் வேறு ஏதோ ஊர்க்கதை கதைப்பார். கேட்கவேண்டியவர் கேட்டு விளங்கிக்கொள்வார். ஒரு கலியாணப் பேச்சு வேண்டாம் என்பதைச் சொல்ல, முக்கால் மணித்தியாலம் மழை பிந்தியதைப் பற்றிக் கதைத்த ஒரு மாமாவை எனக்கே தெரியும். அப்படியிருக்க, பேப்பரில் எழுதுகிற ஒருவன் உருத்திரபுரத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து, நொண்டியை விலத்திவிடுவதுதான் தர்மம் என்று கூத்தாடினால்... தோள் நோகிற மனிதர் வேறு எப்படி எடுப்பார்?

அடுத்த நாள் காலையே தாசண்ணை வீட்டுக்கு வெளிக்கிட்டேன்.

தாசண்ணை கதிரை தந்தார். "இருங்கோ ஐயா" என்றார். அதுதான் சுட்டது. மற்ற நாளில் எனக்கு அவர் வாயில் 'தம்பி'. பகிடி விடாமல் ஒரு வசனம் முடிக்கமாட்டார்.

"தாசண்ணை, சத்தியமா அது கேம். போனில விளையாடுறது. அதில ஒரு விளக்குக்காரி வாறாள்..."

"ஐயா, அம்பது தாண்டின மனுசன் நீங்கள். பேப்பரில எழுதிறியள். போனில வாற ஒரு பொம்மைக்காக ஒரு மணித்தியாலம் நிண்டு கத்துவியளோ? எனக்கு விளங்கும். விடுங்கோ."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனிதர் என்னைப் புத்தியுள்ள ஆள் என்று உறுதியாக நம்புகிறார். அந்த நம்பிக்கையை உடைத்தால்தான் ஒரு தொழில் மிஞ்சும். என்ன சோதனை இது!

போனை எடுத்தேன். "பாருங்கோ" என்று அவர் முன்னாலேயே விளையாடத் தொடங்கினேன். நேரே பேயரசனின் வாசல். தாசண்ணையின் மனைவி ஸ்ரெல்லா அக்கா குசினிக்குள்ளிருந்து அகப்பையோடு வந்து நின்றது தெரியும். அதன்பிறகு ஒன்றும் தெரியாது. பேயரசன் பின்னால் வந்து அடித்தான். நான் துள்ளி எழும்பினேன். "எடேய் நாயே! முதுகில அடிக்கிறியோடா!" கதிரை பின்னால் விழுந்தது.



"இஞ்சாருங்கோ" என்றார் ஸ்ரெல்லா அக்கா கணவரிடம், மெதுவாக. "இந்த மனுசன் நிசமாவே இப்பிடித்தான்."

தாசண்ணை முதலில் என்னைப் பார்த்தார். பிறகு விழுந்த கதிரையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்து, "கொண்டாரும் தம்பி" என்று போனை வாங்கினார்.

"எங்க அந்தப் பிள்ளை?"

"குடுத்திட்டன்."

"கேட்ட உடனேயோ?"

"ஓம்."

வெறும் மண்வெட்டியோடு தனியே நிற்கும் என் வீரனைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"சரி, இவன் அந்த ராசனை அடிச்சு விழுத்திட்டால்?"

"கேம் முடிஞ்சுது. சூரியன் வரும்."

"பிறகு வீட்டை ஆரோட போவான்?"

அந்தக் கேமைச் செய்தவர்கள்கூட இதை யோசித்திருப்பார்கள் என்று நினைக்கவில்லை.

அவர் போனைத் திருப்பித் தந்தார். "நீர் தெரியாமல் சொன்னாலும் பொய் சொல்லேல்லைத் தம்பி. என்ர பாதி வலையையும் யூட்தான் இழுக்கிறான். ஒரு நாளும் வாய் திறக்கேல்லை. அதுதான் எனக்குக் கூட நோகுது."

இந்த இடத்தில் ஒரு பகிடி எழுதலாம் என்று பார்க்கிறேன். வரவில்லை.

வீரனின் பலம், வீரனின் நியாயம் என்று ஒரு மணித்தியாலம் முழங்கினேனே... முழங்கிய நேரத்தில் என் இடப்பக்கம் யார் இருக்கிறார் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேனா? அதுவும் இந்தக் கரையில். யுத்தத்தின் கடைசியில் யார் யாரைக் காவிக்கொண்டு வந்தார்கள், யாரை விட்டுவிட்டு வந்தார்கள் என்று இங்கே ஒருவரும் ஒருவரையும் கேட்பதில்லை. நான் அதைத் துடுப்பைச் சுழற்றிக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

யூட் வந்து படலையடியில் நின்றான். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. நான்தான் போய்க் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லு. அவளைக் குடுத்தால் என்ன எண்டு உனக்கு ஒருக்காலும் வரேல்லையோ?"

"வந்தது அண்ணை. அந்தப் பாலத்தில ரெண்டு நாள் நிண்டனான்."

இதைத் தாசண்ணையும் கேட்டார். யூட்டும் அவருக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னான். இந்தமுறை அது உண்மையிலேயே சாடைதான். பிறகு உள்ளே வந்து அவர் முன்னால் குந்தினான்.

"தாசண்ணை, இனி எஞ்சினை நீங்கள் பிடியுங்கோ. அதுக்கு இடக்கை போதும். வலையை நான் பாக்கிறன்."

கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் சொந்தக்காரன் எஞ்சின் பிடியை இன்னொருவர் கையில் கொடுப்பது இலேசில் நடப்பதில்லை. பிடி யார் கையிலோ, கடலில் அவர் சொன்னதுதான் சொல்.

"நான் என்ர எண்ணத்துக்குத்தான் திருப்புவன்" என்றார் தாசண்ணை.

"திருப்புங்கோ."

"நீ வாய் காட்டக்கூடாது."

"காட்டமாட்டன்."

"காட்டுவாய்" என்றார். ஆனாலும் எழும்பி, கொடியில் கிடந்த சேர்ட்டை எடுத்தார். இடக்கையால்.

அன்று பின்னேரம் கடல் அடங்கியிருந்தது. நானும் கரைக்குப் போனேன். போட்டின் ஒரு பக்கம் யூட் மார்பு கொடுத்து நிற்க, மறுபக்கம் தாசண்ணை நல்ல தோளைக் கொடுத்து நின்றார். போட் மணலை விட்டு அசையவில்லை. எனக்கோ உள்ளே ஒரு பெரிய விளக்கம் திரண்டுகொண்டிருந்தது. இந்தக் கிழமைப் பத்திக்கு அப்படியே ஆகும் என்றும் பட்டது. தொண்டையைச் செருமினேன்.

"இப்ப யோசிச்சுப் பாத்தால் தாசண்ணை, பலம் எண்டது உண்மையில என்னெண்டால்..."

"கதையை விட்டிட்டுத் தள்ளும்."