படத்தை நீட்டினால் எழும்ப வேண்டும்

"விளையாட்டுக் காட்டுறதுக்கும் இப்ப கம்பஸில படிப்பு இருக்கா, தங்கச்சி?" என்று நான் சிகிச்சை கொடுக்கப் போன பிள்ளையின் வாப்பா கேட்டது, அவர்கள் வீட்டுக்கு முதன்முதல் போன அன்று. திருகோணமலை உட்துறைமுகக் கரையில், வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் படகு எஞ்சின் திருத்துகிறவர் அவர். கையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே, என் பையிலிருந்த பந்தையும் நிறக் கட்டைகளையும் பார்த்துத்தான் கேட்டார். கட்டைபறிச்சானில் வயல் செய்கிற, பள்ளிக்கூடம் போகாத தாய் தகப்பனுக்குப் பிறந்து, எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். என் படிப்பைப் பற்றி யார் கேட்டாலும் எனக்குக் கூச்சம் வருவதில்லை. "ஓம் நானா, இருக்கு. பாஸ் பண்ணுறதும் லேசில்லை" என்றேன். சிரித்தார். ஆனால் நம்பவில்லை.

அவர் நம்பாததில் நியாயம் இருந்தது. மகளுக்கு அப்போது ஆறு வயது. ஓட்டிசம் உள்ள பிள்ளை, பேச்சு வரவில்லை. கண் தப்பினால் கடலுக்கு ஓடிவிடுவாள். கடைசியாக ஓடிய அன்று இறங்குதுறையின் விளிம்பில், ஒரு கால் பலகையிலும் ஒரு கால் வெளியிலுமாக நின்றவளை, மீன் இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் சட்டையில் பிடித்து இழுத்திருக்கிறார். அதற்குப் பிறகு கேற்றுக்குப் பூட்டுப் போட்டார்கள். பகல் முழுவதும் அவள் அந்தப் பூட்டை ஆட்டிக்கொண்டு நிற்பாள். களைத்துப்போனால் தன் மணிக்கட்டைக் கடிப்பாள். "திறந்தாப் பிள்ளையக் கடல் கொண்டுபோயிரும் டீச்சர். பூட்டினா உள்ளுக்கயே வாடிப்போறாள். நான் எதைச் செய்யிறது?" என்று அவளுடைய உம்மா கேட்டார்.

முதல் நாட்களில் நான் எதையும் கற்பிக்கவில்லை. குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். "பாத்துக்கொண்டு இருக்கிறதும் பாடத்தில வருமா?" என்று வாப்பா கொட்டிலில் இருந்து கேட்பார். வரும். நடத்தைச் சிகிச்சை அங்கேதான் தொடங்குகிறது. பிள்ளை ஒன்றைச் செய்வதற்கு முன்னால் என்ன நடந்தது, செய்த பிறகு அவளுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும். கரையில் எஞ்சின் ஒன்று உயிர்பெறும்போதெல்லாம் அவள் கேற்றுக்குப் போனாள். முன்பு ஓடிப் பிடிபட்டால் என்ன செய்வீர்கள் என்று உம்மாவிடம் கேட்டேன். "அழுவாளே டீச்சர். தூக்கிக்கொண்டு படகுப் பக்கமா நடந்து, ஆத்திக் கூட்டிக்கொண்டு வருவன்" என்றார். எனக்கு விளங்கிவிட்டது. 'படகு பார்க்க வேண்டும்' என்று சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை, கால்கள் இருந்தன. ஓடினால் படகு கிடைத்தது. அதைக் குழப்படி என்று சொல்லவே முடியாது.

வாப்பாவின் போனில் ஒரு படகைப் படமெடுத்து, கிழியாதபடி லேமினேட் செய்தோம். அதை யாருடைய கையில் அவள் கொடுத்தாலும், அவர் உடனே எழும்பி அவளைக் கைபிடித்துக் கரைக்குக் கூட்டிப்போக வேண்டும். கற்பித்ததெல்லாம் இவ்வளவுதான். தொடக்கத்தில் நான் அவளுக்குப் பின்னால் இருந்து, அவள் கையை மெல்ல உம்மாவின் கை வரை கொண்டுபோனேன். உம்மா மீன் வெட்டுகிறதைப் போட்டுவிட்டு எழும்பினார். "அப்ப நானும் எஞ்சினக் கழட்டிப் போட்டிட்டு எழும்பவேணுமா?" என்று வாப்பா கேட்டார். "ஓம் நானா, நீங்களும்தான்." "நல்ல படிப்பு. பிள்ளைக்கில்ல, எங்களுக்கு."

விளையாட்டாகச் சொன்னார், ஆனால் உண்மையைத்தான் சொன்னார். ஒரு பின்னேரம் மகள் தானாகவே கொட்டிலுக்குள் போய் அவரிடம் படத்தை நீட்டினாள். எஞ்சின் கழன்று கிடந்தது, படகுக்காரர் பக்கத்தில் நின்றார். "பொறு மகள், பிறகு" என்றார் வாப்பா. அவளுக்குப் பிறகு என்றால் என்னவென்று தெரியாது. படத்தை எறிந்துவிட்டு நேரே கேற்றுக்கு ஓடிப் பூட்டை உலுக்கினாள், மணிக்கட்டைக் கடித்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் அவள் திரும்பவும் படத்தோடு போனபோது, அதே படகுக்காரர்தான் நின்றார். வாப்பா கையைத் துடைத்தார். "முதலாளி வரச்சொல்றா, போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்தார். ஓடினால் கிடைப்பதைவிடக் கேட்டால் சுலபமாகக் கிடைக்கிறது என்று அவள் நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். காத்திருக்கப் பழக்கியது அடுத்த கட்டம், அதுவும் ஒரு மூச்சு நேரம், பிறகு இரண்டு மூச்சு நேரம் என்று.

இப்போது என்னிடம் வருகிற குடும்பங்களுக்கு நான் ஒளிக்காமல் சொல்வது இதுதான். இது ஓட்டிசத்தை மாற்றும் மருந்தல்ல. மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். என் பிள்ளைக்கு எதை, ஏன் கற்பிக்கிறீர்கள் என்று கேளுங்கள். உங்களை வெளியே இருத்திவிட்டுக் கதவைச் சாத்துகிற இடம் வேண்டாம். அழ அழச் சொல்வழி கேட்கப் பழக்குவதைக் கற்பித்தல் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. எஞ்சின் சத்தம் கேட்டதும் அந்த மகள் இரண்டு கைகளையும் சிறகுபோல அடிப்பாள். அதை நிறுத்தலாமா என்று ஒரு மாமி கேட்டார். அது அவளுடைய சந்தோசம், யாருக்கும் நோகவில்லை, விட்டுவிட்டோம். கிழமையில் ஓரிரு தடவை வருகிற என்னைவிட, ஒவ்வொரு தடவையும் எழும்புகிற நீங்கள்தான் பெரிய சிகிச்சை.

பகலில் இப்போது அந்தக் கேற்றுக்குப் பூட்டு இல்லை. அவளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொளுக்கி மட்டும் உண்டு, ஏனென்றால் கடல் அங்கேயேதான் இருக்கிறது. அவள் அதை விடப்போவதுமில்லை. ஆகவே அவளுக்கு நீந்தப் பழக்குவோம் என்று போன மாதம் சொன்னேன். "தங்கச்சிக்கு நீந்தத் தெரியுமா?" என்றார் வாப்பா. தெரியாது. கொட்டியாரக் குடாவின் கரையில் வளர்ந்தாலும், எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் முழங்கால் அளவோடு நின்றுவிடுவோம். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப முதல்ல டீச்சருக்கு ஒரு டீச்சர் பிடிக்கவேணும்."

பிடித்துவிட்டேன். உப்புவெளிப் பக்கம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நீச்சல் பழக்குகிற அக்கா ஒருவர் இருக்கிறார். மகளைத் தண்ணீரில் இறக்க முன்னர் அவளோடு எப்படிப் பழகுவது என்று அவருக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன், எனக்கு அவர் மிதக்கச் சொல்லித்தருகிறார். போன ஞாயிறு காலை, நீளக்கைச் சட்டையோடு கழுத்தளவு தண்ணீரில் அடிமணலில் காலை ஊன்றிக்கொண்டு நின்றேன். உம்மாவும் துணைக்கு வந்திருந்தார். "டீச்சர், காலை விடுங்க!" என்று கரையில் நின்று கத்தினார்.

விட்டேன்.