வாளிக்குள் போன நாவல்

வெள்ளவத்தையில் நான் புத்தகத்தை விரித்தால், அக்கா எழும்பிப் போய் வாசற்கதவுத் தாழ்ப்பாளைப் போடுவாள். வீட்டுக்குள் ஏதோ கசிப்புச் சாராயம் காய்ச்சப் போகிறோம் என்பது போல! நான் இப்போது வாழும் டென்மார்க்கில் ரயிலில் பாதிப் பேர் மடியில் புத்தகத்தோடுதான் போவார்கள். யார் எதை வாசிக்கிறார் என்று எட்டிப் பார்ப்பதே மரியாதைக் குறைவு. இங்கே எட்டாம் மாடியில், எதிரே கடலைத் தவிர ஒன்றுமில்லாத பிளாட்டில், அக்கா என் நாவலுக்குச் சிங்களப் பேப்பரில் உறை போட்டு வைத்திருந்தாள். வன்னியை விட்டு ஓடிவந்த ஒரு குடும்பத்தின் கதை அது. அட்டையில் முள்ளுக்கம்பி. "உந்தப் படம் ஒண்டு காணும், பொலிஸ் வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போக" என்றாள்.

எனக்கும் வாசிப்புப் பிந்தித்தான் வந்தது. கொட்டாஞ்சேனையில் நாங்கள் வளர்ந்த வீட்டில், பொலிஸ் சோதனை வருகிறது என்று கேள்விப்பட்டால் போதும், பள்ளிப் புத்தகம் தவிர்ந்த தமிழ் எழுத்தெல்லாம் அடுப்புக்குள் போய்விடும். அந்தப் பயத்தோடுதான் விமானம் ஏறினேன். டென்மார்க்கில் முதன்முதல் பிபிலியோதேக் என்ற நூலகத்துக்குப் போனபோது, மேசையில் இருந்த பெண் சிரித்தபடி, என்ன வாசிக்கப் பிடிக்கும் என்று கேட்டாள். எனக்கு வியர்த்துவிட்டது. "நான் ஒன்றும் வாசிப்பதில்லை. வீட்டிலும் ஒன்றும் இல்லை" என்று வாக்குமூலம் கொடுத்தேன். பாவம், எழுத்தறியாதவள் என்று நினைத்து, சிறுபிள்ளைகளின் படப்புத்தகம் ஒன்றைத் தந்தாள். அதில் ஒரு வாத்து குளத்தைத் தேடிப் போனது. கடைசிப் பக்கத்துக்கு முன் நூலகம் மூடிவிட, குளம் கிடைத்ததா என்று அறிய அடுத்த கிழமையும் போனேன். பிடித்தது பைத்தியம். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்தால், இப்போது சோற்றை விடப் புத்தகம்தான் முதலில்.

அக்காவுக்குக் கண்ணில் ஒப்பரேஷன் என்று பார்த்துக்கொள்ள வந்தேன். டீவி பார்க்க முடியாமல் சிணுங்கிக்கொண்டிருந்தவளுக்கு இந்த நாவலை வாசித்துக் காட்டத் தொடங்கினேன். முதலில், "எனக்கேன் இந்தக் கரைச்சல்?" என்றாள். பிறகு சாப்பாட்டுக்கு நடுவில், "அந்தப் பெட்டை தாயைக் கண்டுபிடிச்சாளோ?" என்று கேட்கத் தொடங்கினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சமிருந்த அன்று காலையில் கதவு தட்டப்பட்டது.

கதவுத் துவாரத்தால் பார்த்தேன். காக்கி.

"உன்ரை பேர் எழுதின பக்கத்தைக் கிழியடி" என்றாள் அக்கா.

"உனக்கென்ன விசரே? காலம் மாறிட்டுது."

அவள் என் கையிலிருந்த புத்தகத்தைப் பறித்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. இடது கையால் கதவைத் திறந்தேன். ஒரு பொலிஸ்காரர், பக்கத்தில் சுகாதாரப் பரிசோதகர். "டெங்கு பலன்ன ஆவே, நோனா" என்றார். டெங்கு பார்க்க வந்தார்களாம்! தேங்கிய தண்ணீரில் நுளம்பு இருக்கிறதா என்று தேட நேரே குளியலறைக்குத்தானே போவார்கள். டோர்ச் வெளிச்சத்தில் வாளியைப் பார்த்த பரிசோதகர், ஊதிக் கிடந்த நாவலைத் தூக்கி, ஏன் இது தண்ணீரில் என்று கேட்டார். ஒரு கண்ணில் கட்டோடு அக்கா கைகூப்பி நின்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீரை வெளியே ஊற்றச் சொல்லி, புத்தகத்தை வெயிலில் வைக்கும்படி சைகை காட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னும் எத்தனை காலத்துக்குப் பயந்து சாகப் போறாய்?" என்று கத்தினேன். அக்கா ஈரப் புத்தகத்தைத் திறந்து, ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்தாள்.

"பேர்ப் பக்கம் எங்கை?"

"நீதானே கிழிச்சனீ?"

"நான் எங்கை கிழிச்சனான்? உன்ரை கையைப் பார்."

என் வலது கை பொத்தியே இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகத்தான் விரிக்க முடிந்தது. உள்ளே கசங்கிய கிழிந்த பக்கத்தில், என் பெயரும் அதன் கீழே டென்மார்க்கில் நான் குடியிருக்கும் ஊரின் பெயரும், வியர்வையில் மை ஊறி ஒன்றோடொன்று கலங்கிக் கிடந்தன.