அரை ஆம்பியர்

சார்ஜில் போட்ட டேப்லெட்டில் சார்ஜ் குறைவதைக் குற்றாலத்துக்கு வந்துதான் பார்த்தேன். பதினொரு சதவீதம் இருந்தது, பத்தாயிற்று. வயர் செருகியிருக்கிறது, சுவிட்ச் போட்டிருக்கிறது, எண் மட்டும் இறங்குகிறது. நான் வசிக்கும் கனடாவின் எட்மண்டனில் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் கணிசமாக ஏறிவிடும். அந்தச் சார்ஜரைத் திருவனந்தபுரம் விமான நிலையச் சுவரிலேயே விட்டுவிட்டு வந்த புத்திசாலி நான். இங்கே தம்பி வீட்டில் கிடைத்தது, அவன் மகன் எப்போதோ தூக்கிப்போட்ட போனுடையது. ஐந்து வோல்ட், அரை ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. அதாவது இரண்டரை வாட். கொசுவிரட்டிகூட இதைவிட அதிகம் குடிக்கும்.

அன்று நமக்கு மாலை, எட்மண்டனில் காலை, அங்கே என் மனைவிக்கு இதய அறுவை சிகிச்சை. மாதக்கணக்கில் காக்கவைத்துவிட்டு, நான் ஊருக்கு வந்த பிறகு நாள் குறித்துக் கொடுத்த நாடு அது. மயக்க ஊசிக்கு முன் அழைப்பாள். தம்பியிடம் பொத்தான் போன் இருக்கிறது. குரல் வரும், முகம் வராது. எனக்கு முகம் வேண்டும்.

தென்காசியில் புதுசு வாங்கலாம் என்றால், சீசன் கூட்டத்தில் பஸ் நகரவில்லை. இறங்கி, அருவிப் பாதையில் நேந்திரங்காய் சிப்ஸுக்கு நடுவே சார்ஜர் தொங்கவிட்டிருந்தவரிடம் எத்தனை வாட் என்று கேட்டேன்.

"பாஸ்ட் சார்ஜர் அண்ணாச்சி."

"வாட் எத்தனை?"

"நீல லைட்டு எரியும்லா. செவப்புன்னா சிலோ, நீலம்னா பாஸ்ட்டு."

வாங்கி வந்து வீட்டில் செருகினேன். நீலம் எரிந்தது. எண் ஏறவில்லை. எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

"பாத்துக்கிட்டே இருந்தா ஏறாது அத்தான்," என்றாள் தம்பி மனைவி பேச்சியம்மாள்.

கண்ணேறு பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "மொளகா சுத்திப் போடட்டா?" என்று கேட்டேன்.

"மொளகா எதுக்கு? ஏறுத கரண்ட அந்த வெளிச்சம்லா திங்குது." டேப்லெட்டை வாங்கி, பிரிட்ஜ் மேல் கவிழ்த்து வைத்தாள்.

வருவதைவிடத் திரைக்குச் செலவு அதிகம் என்பது எனக்குத் தெரியாத கணக்கா? தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி அழைத்தபோது பதினான்கு சதவீதம் ஏறியிருந்தது. பச்சை உடுப்பு, தலையில் காகிதத் தொப்பி. பக்கத்தில் மகள். சார்ஜ் ஐந்துக்கு இறங்கியதும் பேச்சியம்மாளுக்கு யோசனை: "கொரல நம்ம போன்ல கேளுங்க அத்தான். மொகத்த மட்டும் இதுல பாருங்க."

ஒலியை நிறுத்தி மிச்சமாகிற மின்சாரம் ஒன்றுமில்லை. இருந்தாலும் ஒலியை நிறுத்தினேன். மகள் தன் போனிலிருந்து தம்பி எண்ணுக்கு அடித்துத் தாயிடம் கொடுத்தாள்.

"சாப்ட்டியளா?"

"ஆச்சு. நீ?"

"எனக்கு எங்கன தாரான்?"

காதில் குரல் முதலில் வந்தது. உதடு பிறகுதான் அசைந்தது. டேப்லெட்டை ஒரு கையிலும் பொத்தான் போனை மறு கையிலும் பிடித்தபடி இரண்டுக்கும் நடுவே நின்றேன்.

"கூப்பிடுதாவ. வாரேன், என்ன?"

போன் அடங்கிவிட்டது. திரையில் அவள் அந்த 'வாரேன்' சொல்ல இன்னும் வாய் திறக்கவில்லை.