பத்து நிமிஷக்காரரின் ஏழு ஜன்னல்கள்

பல் துலக்குவதற்கு முன்னால் அவர் ஜன்னல்களைத் தட்டிப் பார்க்கிறார். நடுவிரல் கணுவால் ஒவ்வொன்றிலும் இரண்டு தட்டு. பிறகு சட்டத்தில் காதை ஒட்டி, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கவனிப்பு. வீட்டில் மொத்தம் ஏழு ஜன்னல்கள். ஏழையும் முடித்துவிட்டு அவர் குளியலறைக்குள் நுழைவதற்குள், தையல் இயந்திரத்தின் முன்னால் இருக்கும் மனைவி ஒரு சட்டைக்கு இரண்டு கையும் பொருத்தி முடித்திருப்பார்.

"ஹால் ஜன்னல் இன்னிக்கு ஒரு மாதிரி முனகுதே, கேட்டியா?" என்று வாயில் பிரஷ்ஷோடு வந்து நிற்பார்.

"அது நான்தான்" என்பார் மனைவி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவருக்கு வீட்டுவசதி அலுவலகத்தில் வேலை. புகார்ப் பிரிவில் எழுத்தர். ஊரில் யார் வீட்டுக் கூரை ஒழுகினாலும், யார் வீட்டுக் கதவு கழன்று விழுந்தாலும், அந்தக் காகிதம் அவர் மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும். அவர் அதன் ஓரத்தில் முத்து முத்தான கையெழுத்தில் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளுவார். இருபத்தாறு வருஷமாக ஊரார் வீட்டுப் பழுதையெல்லாம் தள்ளிவிட்ட கை, வீட்டுக்கு வந்த பிறகு சும்மா கிடக்க மாட்டேன் என்கிறது.

அலுவலகத்திலும் ஒரு முறை கை வைத்துப் பார்த்தார். மேலதிகாரி அறை ஜன்னலின் கண்ணாடி லேசாக ஆடுகிறது என்று அதை 'இறுக்கிக் கொடுத்தார்'. மதியத்துக்குள் அது மூன்று மாடி இறங்கி மேலதிகாரியின் கார் கூரைமேலேயே உட்கார்ந்துவிட்டது. மறுநாள் ஒரு சுற்றறிக்கை வந்தது: அலுவலக ஜன்னல்களை ஊழியர்கள் தாமாகப் பழுதுபார்க்கலாகாது. வந்தவர் போனவரிடமெல்லாம் அவர் அதைப் பெருமையாகக் காட்டினார். "டிராஃப்ட் நம்மளோடது. ஒரு கமாவைக்கூட ஐயா மாத்தல."

குடியிருப்பில் அவருக்குப் பத்து நிமிஷக்காரர் என்று பெயர். ஜன்னல் எந்தக் கோளாறில் இருந்தாலும், ஆடினாலும் அடைத்துக்கொண்டாலும் அடியோடு கழன்றே வந்தாலும், அவருடைய தீர்ப்பு ஒன்றுதான். "இது பத்து நிமிஷ வேலை." அந்தப் பத்தாவது நிமிஷத்தை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அதற்கு முன்பே ஏதாவது உடைந்துவிடும். அல்லது அவருக்கு அலுவலக நேரமாகிவிடும்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தால் அவருடைய சரித்திரத்தைப் படித்துவிடலாம். சமையலறை ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கும்போது, காயும்வரை அதைத் திறந்து வைக்க வேண்டும் என்பதை மறந்துபோனார். அது சட்டத்தோடு சட்டமாக ஒட்டிக்கொண்டு நான்கு வருஷமாகிறது. தாளிக்கும் புகையில் மனைவி இருமினால், "தூசி உள்ள வருதா பாரு, ஒரு பொட்டு?" என்று கேட்பார். குளியலறையின் ஐந்து கண்ணாடிப் பட்டைகளில் இரண்டு, அவை சுலபமாகத் திரும்பட்டும் என்று அவர் கை வைத்த அன்று உயிரை விட்டன. அங்கே இப்போது போன வருஷத்துக் காலண்டர் அட்டை. ஹாலில் இழுத்து மூடும் ஜன்னலின் ரோலர் தேய்ந்ததற்கு, மனைவியின் பெட்டியிலிருந்து ஒரு பெரிய கோட்டுப் பட்டனை எடுத்துப் பொருத்தினார். இரண்டு நாள் பிரமாதமாக ஓடியது. மூன்றாம் நாளிலிருந்து அந்த ஜன்னலைத் திறக்க இரண்டு ஆள் வேண்டும், மூட அவர் ஊரில் இல்லாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் நாலைந்து ஸ்க்ரூ மிஞ்சும். அவற்றைப் பழைய ஜாம் பாட்டிலில் போட்டு வைக்கிறார். பாட்டில் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. அதைப் பற்றிக் கேட்டால், "கம்பெனிக்காரன் தேவைக்கு மேல போட்டுத் தொலைச்சிருக்கான், நான் என்ன பண்ண?"

காலைத் தட்டலோடு தப்பித்திருந்தது ஏழாவது ஜன்னல் ஒன்றுதான். தையல் அறை ஜன்னல். மேற்குப் பார்த்த பழைய மர ஜன்னல். ஒற்றைக் கதவு, வெளியே இரும்புக் கம்பி. ஈரக் காலத்தில் மரம் ஊதிக்கொண்டு அதுவும் அடைத்துக்கொள்ளும். ஆனால் மனைவியிடம் ஒரு வித்தை இருந்தது. கொண்டியை நீக்கி, கதவை லேசாக மேலே தூக்கி, உள்பக்கமாக ஓர் இழுப்பு. திறந்துவிடும். மூடுவதற்கும் அதே தூக்கல், இடுப்பால் ஓர் இடி. பதினெட்டு வருஷமாக இந்த ரகசியம் வெளியே போகவில்லை. "அந்த ரூம் ஜன்னல் எப்படிப் போகுது?" என்று அவர் தூண்டில் போடும்போதெல்லாம், "வெண்ணெய் மாதிரி" என்று மனைவி முகம் மாறாமல் சொல்லிவிடுவார். வேறு எதிலும் அவர் புருஷனிடம் பொய் சொன்னதில்லை. வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்தால், உடம்பை விசாரிப்பதற்கு முன்னால், "அப்பா அந்த ரூம் ஜன்னலைக் கழட்டலையே?" என்றுதான் கேட்பாள்.

அந்தச் சனிக்கிழமை நடந்ததற்கு மனைவியின் பேச்சும் ஒரு காரணம் என்று சொல்ல வேண்டும். செவிலியர் பயிற்சிப் பள்ளியின் முப்பத்திரண்டு வெள்ளைச் சீருடைகள் தைத்து, இஸ்திரி போட்டு, அந்த அறையின் குறுக்கே கயிற்றில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. திங்கட்கிழமை காலையில் பெண்கள் அவற்றைப் போட்டுக்கொண்டு உறுதிமொழி எடுக்க வேண்டும். ஆறு சீருடைகளுக்குப் பட்டன் போதவில்லை. வாங்கி வரக் கிளம்பியவர், மேற்கே வானம் கறுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"ஏங்க, மழை வர மாதிரி இருக்கு. அந்த ரூம் ஜன்னலைச் சாத்திடுங்க. சாத்தினா போதும்."

அவர் சாத்தப் போனார். ஒரு விரற்கடை பாக்கி இருக்கும்போது கதவு நின்றுவிட்டது. அழுத்தினார், அசையவில்லை. பதினெட்டு வருஷம் தன்னை ஏமாற்றிய கதவைப் பார்த்து அவருக்குக் கோபம் வரவில்லை. பரவசம்தான் வந்தது. "இவ்வளவு நாள் வலியை மறைச்சு வெச்சிருந்தியா?" என்று அதனிடம் கேட்டாராம். இதை அவரே பிறகு மனைவியிடம் சொன்னார், பரிதாபப்படுவார் என்று எண்ணி.

ஓரத்தை லேசாகச் சீவினால் போதும், பத்து நிமிஷ வேலை. சீவுவதற்குக் கதவைக் கழற்ற வேண்டும். கழற்றுவதற்குக் கீலின் ஸ்க்ரூ வர வேண்டும். துருப்பிடித்த ஸ்க்ரூ வரவில்லை. சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். மேல் கீல் இரண்டு துண்டாகியது. கீழ்க் கீல் அதைப் பார்த்தே பயந்துபோனதுபோலத் தானாகக் கையோடு வந்தது. கதவைத் தரையில் கிடத்தி இழைப்புளியைப் போட்டார். ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. சமமாக இருக்கட்டும் என்று மறுபக்கமும் சீவினார். அது இன்னும் அதிகமாகப் போயிற்று. மரத்தூள் வெள்ளைச் சீருடைகளின்மேல் பூவாய் இறங்கிக்கொண்டிருந்தபோது மழை வந்தது.

பட்டன் பொட்டலத்தோடு மனைவி திரும்பி வந்தபோது, அவர் கதவைக் கட்டிப்பிடித்து, ஜன்னல் ஓட்டையில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவருக்கு இடமும் வலமும் மழை தாராளமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. இரும்புக் கம்பிகளில் அடித்துத் துருவைக் கரைத்துக்கொண்டு, செந்நிறமாக, முதல் பதினோரு சீருடைகளின்மேல் தெறித்துக்கொண்டிருந்தது.

மனைவி முதலில் ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தார். மிச்சத்தை வாரிக் கட்டிலில் போட்டுவிட்டு வந்து கேட்டார்:

"துணியை எடுத்து அந்தப் பக்கம் போட்டிருக்கலாம்ல?"

"அப்ப ஜன்னலை யாரு பிடிச்சுக்கறது?" என்றார் அவர்.

மனைவி கத்துவதற்கு வாயைத் திறந்ததும் கையிலிருந்த துணி கண்ணில் பட்டது. முப்பத்திரண்டில் ஆகச் சின்ன அளவு. போன வாரம் போட்டுப் பார்க்க வந்த அந்தப் பெண், கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம் போட்டுக்கட்டுமாக்கா?" என்று கேட்டிருந்தாள். அதன் நெஞ்சில் இப்போது உள்ளங்கை அகலத்துக்குத் துரு. கத்தினால் அழுகை வந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. அழுதால் கை நடுங்கும். கை நடுங்கினால் தைக்க முடியாது. ஆகவே வாயை மூடிக்கொண்டு, போனை எடுத்து, தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் தச்சரைக் கூப்பிட்டார்.

"அவன் எதுக்கு? மரத்தைக் கெடுத்துடுவான்" என்றார் அவர், கதவை விடாமல்.

மழை விட்டதும் தச்சர் வந்தார். ஒல்லியான மனிதர், பேச்சைச் செலவு செய்யாதவர். கதவை வாங்கிச் சுவரில் சாய்த்து, சீவிய ஓரத்தில் கட்டைவிரலை மெல்ல ஓட்டினார். மேலேயிருந்து கீழே வரைக்கும் ஓட்டிவிட்டு, மறுபக்கமும் ஓட்டினார்.

"யாரு சார் இப்படிச் சீவினது?"

"முன்னாடி குடியிருந்தவங்க" என்றார் அவர். கண் இமைக்கவில்லை. அவர் காலடியில் புது மரத்தூள் சுருள் சுருளாகக் கிடந்தது.

பாழான துணியிலிருந்து கழுத்துப் பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த மனைவி, பல்லில் கடித்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்தி வைத்தார்.

"அவரு இன்னும் காலி பண்ணலீங்க" என்றார் தச்சரிடம்.

தச்சர் சட்டென்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு, தன் பையில் எதையோ நெடுநேரம் தேடினார். அங்கே தேட ஒன்றும் இல்லை.

முக்கால் மணி நேரம் ஆகும் என்றார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. சீவிப்போன இடத்தில் மெல்லிய மரக்கீற்றைப் பசை வைத்து ஒட்டி ஆணி அடித்தார். புதுக் கீல் இரண்டு போட்டார். ஓரங்களில் மெழுகுவத்தியைத் தேய்த்தார். நடுவில் நம்மவர், "அந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் சாய்ச்சு விடு தம்பி", "கீலு இன்னும் ஒரு நூல் மேல போகணும் தம்பி" என்று விடாமல் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது யோசனையில் தச்சர் ஒரு மரத்துண்டை அவரிடம் நீட்டி, "சார், இதைக் கொஞ்சம் பிடிங்க, அசையாம" என்றார். அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பிடித்தபடி நின்றார். வேலை முடிந்து தச்சர் அதைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். அது எதற்கும் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மனைவி எலுமிச்சையும் உப்புமாகத் தேய்த்தார். ஒன்பது சீருடைகள் வெளுத்தன. இரண்டு வெளுக்கவில்லை. மீதமிருந்த துணி ஒன்றரைக்குத்தான் வந்தது. சின்னப் பெண்ணுக்கு முழுத் துணியில் புதிதாக வெட்டினார். இன்னொன்றுக்கு ஒட்டுப் போட்டு, ஒட்டு கழுத்துப் பட்டைக்குள் ஒளியும்படி தைத்தார். உதவி செய்ய வந்த நம்மவர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்து, காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ள ஏதோ லூசா இருக்கு போலிருக்கே."

"கீழ வைங்க."

வைத்தார். இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் நல்லதுக்குத்தான் பண்ணேன்" என்றார்.

"தெரியும். அதான் பயமா இருக்கு" என்றார் மனைவி. இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பயிற்சிப் பள்ளியின் வார்டன் முப்பத்திரண்டையும் எண்ணி வாங்கிக்கொண்டார். தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. மனைவி உறுதிமொழி முடியும்வரை பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சின்னப் பெண், உட்கார்ந்தால் மடிப்பு கலைந்துவிடும் என்று கடைசிவரை நின்றுகொண்டே இருந்தாள்.

சாயங்காலம் கீழ்வீட்டுக்காரம்மா ஒரு பாவாடைக்கு ஓரம் மடிக்கக் கொடுக்க வந்தார். புழுக்கமாக இருந்ததால் பேசிக்கொண்டே தையல் அறை ஜன்னலை லேசாகத் தொட்டார். கதவு ஒரு சத்தமும் இல்லாமல் முழுவதும் திறந்துகொண்டது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒற்றை விரலால் மூடினார். மறுபடி திறந்தார்.

"அடேயப்பா! இந்த வீட்டுலயா? யாருங்க செஞ்சது?"

மனைவி ஊசியில் நூலைக் கோக்கக் குனிந்தார். அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்து வாசற்படியில் நின்றிருந்தவர் உள்ளே வந்தார். பார்வையை அடக்கமாகத் தாழ்த்திக்கொண்டு, மேசையிலிருந்து ஒரு வெட்டுத் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த தம் இரண்டு கைகளையும், விரல் விரலாக, நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தார்.