ஹெல்ப்லைனில் சொல்லக்கூடாத பதில்

இன்று சாயங்காலம் பாலிகஞ்ச் ஸ்டேஷன் வாசலில் ஷோபனா அக்காவைப் பார்த்தேன். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தார். கையில் டீ. குடிக்கவேயில்லை.

அக்கா இதே நகரத்துப் பெஹாலாக்காரர். களைக்கொல்லி விற்கும் ஒரு கம்பெனியின் ஹெல்ப்லைனில் இந்தியில் பேசுகிற வேலை. இது சோயாபீனுக்குக் களை மருந்து அடிக்கும் சீசன், மத்தியப் பிரதேசத்திலிருந்து போன் ஓயாதாம்.

"சோயாபீன் செடியையே நான் பார்த்ததில்ல பிரியங்கா. எனக்குத் தெரிஞ்ச சோயா குழம்புல மிதக்கிற உருண்டைதான்!" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"என்னக்கா ஆச்சு?"

"காலையில மத்தியப் பிரதேசத்து விதிஷாவிலேருந்து ஒரு தீதி, விவசாயம் பண்ற அக்கா ஒருத்தங்க, போன் பண்ணினாங்க. புருஷன் இல்ல, தனியா முதல் தடவை விதைச்சிருக்காங்க. மருந்தடிக்கிற டேங்க்குக்கு எத்தனை மூடி ஊத்தணும்னு கேட்டாங்க, சொன்னேன். அப்புறம் அவங்களாவே, 'டேங்க் நம்மளுது இல்லம்மா, பக்கத்து வயல்காரரோடது, மக்காச்சோளத்துக்குக் களை மருந்து அடிச்சுட்டு இப்பதான் குடுத்தாரு'ங்கறாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது."

போன வருஷம் இப்படித்தான் ஒருவர் மக்காச்சோளத்துக்கு மருந்தடித்த டேங்க்கைக் கழுவாமல் சோயாபீனுக்கு அடித்துவிட்டு, இலையெல்லாம் முறுக்கிக்கொண்டது என்று போனிலேயே அழுதாராம். அதிலிருந்து அக்கா எல்லோரிடமும் டேங்க்கைக் கழுவச் சொல்லிக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் தேபாஷிஷ்தா கூப்பிட்டுத் திட்டினார்: டேங்க்கில் ஒட்டியிருக்கும் அடுத்த கம்பெனி மருந்தைக் குறை சொன்னால் கேஸ் வரும், கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை மட்டும் படி, இன்னொரு தடவை பேசினால் வேலை கிடையாது.

கிடர்பூர் துறைமுகத்தில் மூட்டை ஏற்றும்போது அக்கா வீட்டுக்காரருக்கு முதுகு போய்விட்டது. அக்கா சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

"அப்போ அந்த தீதிகிட்ட என்ன சொன்னீங்க?"

"திரையில சிவப்பு விளக்கு எரிஞ்சுது. தேபாஷிஷ்தா கேட்டுக்கிட்டிருக்கார்னு அர்த்தம். வாயைத் திறந்தேன். 'டப்பா மேல எழுதியிருக்கிறதைப் படிச்சுட்டு அடிங்க'ன்னுதான் வந்துது. அதுக்கு அவங்க, 'படிக்கத் தெரிஞ்சா உன்னை ஏம்மா கூப்பிடறேன்'னாங்க."

"அப்புறம்?"

"நன்றி வணக்கம்னு சொல்லி வெச்சுட்டேன். திரையில அப்படித்தானே இருக்கு."

திரும்பக் கூப்பிட வழியில்லை. திரையில் நம்பர் வராது, மாவட்டம் மட்டும்தான் தெரியும். அந்த தீதி நாளைக் காலை வெயில் வந்ததும் அடிக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, நான் எழுதட்டுமா?"

அக்கா குடிக்காத டீயைக் கொட்டிவிட்டு பிளாட்பாரத்துக்கு நடந்தார், நானும் கூடவே போனேன்.

"எழுது. என் பேர் வேண்டாம். கண்டுபிடிச்சா..." என்று நிறுத்திக்கொண்டார். அதற்குள் ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டார். நாளைக்கும் அதே நாற்காலி, அதே ஹெட்செட்.

விதிஷா பக்கம் யாரையாவது தெரிந்தவர்கள் தயவுசெய்து இன்றைக்கே போன் பண்ணுங்கள். இந்தி தெரிந்தவர்கள் வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்புங்கள், அந்த தீதிக்குப் படிக்கத் தெரியாது. சொல்லவேண்டியது இவ்வளவுதான்: இரவல் டேங்க்கை சோப்புத்தூள் போட்டுக் குழாய், மருந்து பீய்ச்சும் மூக்கு எல்லாம் பலமுறை அலசிவிட்டு, அப்புறம் சோயாபீனுக்கு அடிக்கச் சொல்லுங்கள்.