துளசியின் பயிற்சிப் படமும் அவள் அப்பாவும்

சினிமா படிப்பது என்றால் கமராவுக்குப் பின்னால் கம்பீரமாக நிற்பது என்று நினைத்துச் சேர்ந்தவன் நான். சேர்ந்த பிறகுதான், வெயிலில் நின்று முகிலுக்கும் படகுக்கும் மனிதர்களுக்கும் காத்திருக்கிற தொழில் அது என்று தெரிந்தது. இந்தத் துறையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் எங்களுக்காகக் கொஞ்சம் இரக்கப்பட்டால் போதும்.

எட்டு நிமிடப் பயிற்சிப் படம் ஒன்று எடுக்கவேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். எங்கள் குழுவில் துளசி இயக்கம், ரமணன் கமரா, நான் ஒலி. கதை துளசியுடையது. மனைவி இறந்த பிறகு ஒரு மனிதர் முதல் தடவையாகத் தனக்கென்று சமைக்கிறார், அவ்வளவுதான். எங்களுக்கு அது வெறும் பயிற்சி. துளசிக்கு அப்படியில்லை. லண்டன் மாப்பிள்ளை ஒருவரின் சாதகம் பொருந்தி, யாழ்ப்பாணத் தீவுப்பக்கம், கரம்பொனில் அவள் வீட்டில் பேச்சு முற்றியிருந்தது. படம் நன்றாக வந்தால் படிப்பு, இல்லாவிட்டால் கலியாணம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். நன்றாக வந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லப்போகிறவரும் அவரேதான்.

விசா

நாயகனாக நடிக்க யாழ்ப்பாணத்து நாடக நடிகர் ஒருவர் சம்மதித்திருந்தார். படப்பிடிப்புக்கு முதல்நாள் காலை அவருக்குக் கனடா விசா வந்துவிட்டது. குறை நினைக்க வேண்டாம், படம் பிறகும் எடுக்கலாம், விசா பிறகு வராது என்று தொலைபேசியில் சொன்னார். அவரில் பிழை சொல்லவும் முடியவில்லை.

ரமணனும் நானும் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தோம். துளசி எழுந்து நேரே அப்பாவிடம் போனாள். அவர் மாத்தளையில் நெடுங்காலம் கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர். பேச்சையும் அளந்துதான் தருவார். "அப்பா, நீங்கள் தீர்ப்புச் சொல்லவேணுமெண்டால் முதல்ல படம் ஒண்டு வேணும். நீங்கள்தான் நடிக்கவேணும்" என்றாள். தன் நீதிபதியையே நாயகனாக்கத் துணிந்தவளை அன்றுதான் நான் வாய்பிளந்து பார்த்தேன். அவர் பத்திரிகையை மடித்து வைத்தார். "நடிக்கிறன். ஆனால் நல்லா வராட்டில் நல்லாயில்லை எண்டுதான் சொல்லுவன்."

கை காட்டியவர்கள்

நயினாதீவுக் கோயிலுக்குப் போன நாயகன் படகில் திரும்பி வருவதுதான் முதற்காட்சி. ரமணன் கமராவைத் தூக்கியதும் படகிலிருந்த அத்தனை பேரும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் கமரா வந்தால் அது கலியாணம், சாமத்தியவீடு, திருவிழா. எல்லாமே வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பார்ப்பதற்குத்தான். ஒரு அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கமராவைப் பார்த்துக் கனடாவிலிருக்கிற மகளை நலம் விசாரிக்கவே தொடங்கிவிட்டார்.

நானாக இருந்தால் கத்தியிருப்பேன். துளசியோ ஒவ்வொருவரையும் ஆறுதலாக, அவசரமில்லாமல் எடுக்கச் சொன்னாள். அந்த அம்மாவிடம் மகளின் இலக்கத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு அந்தப் படத்துண்டை மறக்காமல் அனுப்பியும் வைத்தாள். கை காட்டிக் களைத்த பிறகு எல்லோரும் தங்கள் பாட்டில் கடலைப் பார்த்தார்கள், கொட்டாவி விட்டார்கள், நித்திரை தூங்கினார்கள். எங்களுக்கு வேண்டியது அதுதான். இறங்குதுறை கிட்ட வந்தபோது அந்த அம்மா மெல்லக் கேட்டார். "பிள்ளை, இனி நாங்கள் சிரிக்கலாமோ?"

வெள்ளைக்கொடி

படகுக்குப் போகுமுன்பே நாங்கள் ஒரு கெட்டிக்கார வேலை செய்திருந்தோம். மாலையில் செத்தவீட்டுக் காட்சி எடுக்கவேண்டும் என்று, துளசி வீட்டு ஒழுங்கை நெடுக வெள்ளைக்கொடி கட்டி, முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகளையும் அடுக்கிவிட்டுத்தான் கிளம்பினோம். அயலுக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது, அப்பா செத்துவிட்டார் என்று முற்றம் நிறைந்த சனம். துளசியின் அம்மா, மனுசன் நயினாதீவுக்குப் போயிருக்கிறார், ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லச் சொல்ல, அதிர்ச்சியில் கதைக்கிறார் என்று பெண்கள் அவரைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்கள். யாரோ கொடியைப் படம் பிடித்துப் போட்டதில் செய்தி எங்களுக்கு முன்பே லண்டன் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டாரும் அனுதாபம் தெரிவித்திருந்தார்கள். துளசியின் முகம் வெளிறிவிட்டது. இத்தோடு படமும் படிப்பும் முடிந்தது என்றே நானும் நினைத்தேன். அழுதுகொண்டு தொலைபேசியில் அழைத்த தன் தம்பியாருக்கு அப்பா நிதானமாகப் பதில் சொன்னார். "ஓம், நான்தான். இல்லையடாப்பா, நான் சாகேல்லை. நடிக்கிறன்."

மாலை போட்ட படம்

சுவரில், இறந்த மனைவியின் படம் மாலையோடு தொங்கவேண்டும். உயிரோடிருக்கிற எந்தப் பெண் தன் படத்துக்கு மாலை போட விடுவார்? வேலணை வரைக்கும் கேட்டுப் பார்த்தோம். இறந்தவரின் படமாவது கிடைக்குமா என்று ஒரு வீட்டுக்குப் போனால், வீட்டுக்காரர் மனைவியைப் பற்றிச் சொல்லி அழத் தொடங்கினார். படத்தைக் கேட்காமலே தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம். தன் படத்தையே வைப்போம் என்று துளசி சொன்னதற்கு, அவள் அம்மா அன்று எங்களோடு பேசவில்லை.

கடைசியில் துளசி ஒரு வெறும் சட்டத்துக்கு மாலை போட்டாள். கமராவைச் சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதைப் பார்த்து நிற்கிற அப்பாவின் முகத்தை மட்டும் எடுத்தாள். படம் முடிந்த பிறகு வகுப்பில் எங்கள் ஆசிரியர் அந்த இடத்தில் நிறுத்தி எங்களைத் திரும்பிப் பார்த்தார். "அந்த அம்மாவைக் காட்டாமல் விட்டது ஆரின்ரை யோசனை? இதுக்குப் பேர்தான் இயக்கம்."

உப்பு

மிச்சமிருந்தது சமையல் காட்சி. இங்கேதான் பெரிய சிக்கல். கடைக்காலத்தில் தனியே சமைத்துப் பழகிய அப்பா, வெங்காயத்தை மளமளவென்று அரிந்து தள்ளினார். தடுமாறுங்கோ என்றால் தடுமாறுகிறவர் மாதிரி நடித்தார், பார்க்கச் சகிக்கவில்லை. கமராவைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய நாள் அது. துளசி அப்பாவை முற்றத்துக்கு அனுப்பிவிட்டு, அம்மாவைக் கொண்டு குசினியிலிருந்த உப்பு, தூள் பேணிகளையெல்லாம் இடம் மாற்றி வைத்தாள். அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா அடுப்படியில் உப்பைத் தேடினார். ஒவ்வொரு பேணியாகத் திறந்தார். கறி கொதிக்கிற சத்தம் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று அவர் நாற்பது வருடப் பழக்கத்தில், "இஞ்சேரப்பா, உப்பு எங்கை?" என்று கூப்பிட்டார். கூப்பிட்ட பிறகுதான் தன் மனைவி இந்தக் கதையில் இல்லை என்பது நினைவுக்கு வந்திருக்கவேண்டும். பேணியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். கதவுக்கு வெளியே நின்ற அம்மா எங்கே பதில் சொல்லிவிடுவாரோ என்று எனக்கு உயிர் போய் வந்தது. அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார், கண்ணால் நீர் ஓடியது. எனக்கும்தான். துளசி கட் சொன்னதும் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "கலியாணம் கட்டின நாளில இருந்து இந்த மனுசனுக்குப் பதில் சொல்லாமல் நிண்டது இண்டைக்குத்தான்."

தீர்ப்பு

படம் காட்டிய அன்று மண்டபத்தில் கைதட்டல் கேட்டது. நாங்கள் திரையைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எழுந்து வெளியே போனார். ஊருக்குப் போகிற பஸ்சில் ஏறி அல்லைப்பிட்டி கடந்தும் வாய் திறக்கவில்லை. துளசி யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அவருடைய தொலைபேசி அடித்தது. மாப்பிள்ளை வீட்டார். நாள் வைப்பது பற்றி அவர்கள் கேட்டதை எல்லாம் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார். "பிள்ளை படிச்சு முடிக்கட்டும். அடுத்த படத்துக்கு என்னை விட்டால் அவவுக்கு ஆளில்லை."

துளசி இப்போது இறுதியாண்டுப் படத்துக்குக் கதை எழுதுகிறாள், நாயகனோ வசனம் போதாது என்று ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.